இரண்டு தலைவர்களுக்கு ஒரு முதல் பக்கம்

கம்ப்யூட்டரைத் திறந்ததும் நீங்கள் முதலில் எழுத்துருவைத் தேடுகிறீர்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் முதலில் சண்டை எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவேன். கல்யாணக் கார்டு, பள்ளி மலர், கருமக்கிரியை அறிவிப்பு, எதுவாக இருந்தாலும் அதற்குள் ஒரு சண்டை ஒளிந்திருக்கும். அது எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பக்கம் பாதி முடிந்த மாதிரி.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், எந்த வீடியோ பார்க்கலாம், எந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பாருங்கள், போங்கள். எதை அழுத்தினால் எது நகரும் என்று அங்கே நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். அதோடு மளிகைக் கடையில் தொங்கும் நாள்காட்டியையும் பாருங்கள். ஒரு கையகலத் தாளில் தேதி, கிழமை, நல்ல நேரம், ராகு காலம், சீனத் தேதி, பள்ளி விடுமுறை எல்லாம் இருக்கும். கடைக்காரர் சீனியை நிறுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்துத் தேதி சொல்லிவிடுவார். எது தூரத்தில் இருந்து தெரிய வேண்டும், எதைக் கிட்டே போய்ப் பார்த்தால் போதும் என்று அந்தத் தாளுக்குத் தெரியும். அதை அமைத்தவர் யார் என்று தெரிந்தால் காலில் விழுந்து கும்பிடுவேன். மீதிப் பாடத்தைக் கோயில் கமிட்டி கற்றுத் தரும், கேட்காமலே கற்றுத் தரும்.

கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, காதர் பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் என் கடை. ஆற்றுத் தோட்டம், மேட்டுத் தோட்டம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எஸ்டேட்டுகள் இருந்தன. இரண்டும் கைமாறி, லயத்து வீடுகளை இடித்து, ஆட்களை எல்லாம் ஒரே தாமான் குடியிருப்பில் வீடு கொடுத்துக் குடியேற்றினார்கள். ஆட்கள் ஒன்றாகிவிட்டதால் மாரியம்மனும் ஒன்றாக வேண்டியதாயிற்று. மேட்டுத் தோட்டத்துக் கல் சிலை மூலவர், ஆற்றுத் தோட்டத்து ஐம்பொன் சிலை உற்சவர் என்று பேசி முடித்துப் புதுக் கோயில் கட்டினார்கள். இரண்டு அம்மனும் ஒத்துப்போய்விட்டார்கள். இரண்டு தலைவர்களும்தான் ஒத்துப்போகவில்லை.

மேட்டுத் தோட்டத்துத் தலைவர் மாரிமுத்து, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர். குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைக்கிறவர். ஆற்றுத் தோட்டத்துத் தலைவர் சுப்பையா, லோரி வைத்துப் பிழைத்தவர். அவர் மெதுவாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. துணைத் தலைவர் பதவியை இருவருமே ஏற்காததால் கோயிலுக்கு இணைத் தலைவர்கள் என்று ஏற்பாடு. இதில் விசேஷம், மாரிமுத்துவின் தங்கை சரோஜாவைத்தான் சுப்பையா கட்டியிருக்கிறார். மச்சான்கள் இருவரும் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காமல் வருடங்கள் ஓடியிருந்தன. இந்த நிலையில்தான் கும்பாபிஷேகச் சிறப்பு மலரின் பக்கங்களை அமைக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதல் பக்கத்தில் யார் படம்? அவ்வளவுதான் கேள்வி. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பக்கம் அமைக்கிறவளுக்குத் திண்டாட்டம்.

சரோஜா ஒருநாள் தனியாக என் கடைக்கு ஏறி வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"முதல் பக்கத்துல படம் வரலன்னா எங்கண்ணன் கோயிலுக்கும் வரமாட்டாராம், கவிதா கல்யாணத்துக்கும் வரமாட்டாராம். அவர் படம் முதல்ல வந்தா எங்க வூட்டுக்காரர் அவர வாசல்லயே விடமாட்டாராம். தாய்மாமன் இல்லாம என் புள்ளைய எப்படிக்கா மணவறையில ஒக்கார வைக்கிறது?"

கவிதா அவளுடைய ஒரே மகள். கும்பாபிஷேகம் முடிந்த கையோடு கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். சரோஜா அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பெண்ணின் கல்யாணம் என் மேசையில் ஒரு பக்கத்தின் மேல் வந்து நின்றுவிட்டது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது.

முதலில் இரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்தேன். இடப்பக்கம் இருப்பவர்தானே முதலில் கண்ணில் படுகிறார் என்றார் வலப்பக்கத்துக்காரர். பாதிப் பிரதியில் இவர் இடது, பாதியில் அவர் இடது என்று மாற்றி அச்சடிக்கலாம் என்றேன். அப்படியானால் விழாவுக்கு வரும் சட்டமன்ற உறுப்பினர் கைக்கு எந்தப் பாதி போகும் என்று இருவரும் ஒரே நேரத்தில் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக் கேட்டார்கள்.

அடுத்தது அளவு. இரண்டு படச் சட்டமும் ஒரே அளவுதான். ஆனால் சுப்பையா கோயில் விழாவில் கட்டிய தலைப்பாகையோடு படம் கொடுத்திருந்தார். மாரிமுத்து அடிக்கோலைத் திரையிலேயே வைத்து அளந்துவிட்டு, தலைப்பாகையைச் சேர்த்தால் அந்த ஆள் தலை தன் தலையைவிடப் பெரியது என்றார். தலைப்பாகையைக் கழித்து அளக்கச் சொன்னேன். கழித்தால் மாரிமுத்து முகம் பெரிதாகிவிடும் என்று சுப்பையா பக்கம் கொதித்தது. தலைப்பாகை தலையில் சேர்த்தியா இல்லையா என்று ஒரு கமிட்டிக் கூட்டமே நடந்து முடிவில்லாமல் கலைந்தது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதற்கு ஒரு பாடம் கிடையாது.

கீழே காதர் பாய் கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பாய் தே தாரிக் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தங்கள் அரபுக் கிதாபுகள் வலப்பக்கத்தில் இருந்து திறக்கும் என்றும், ஒருவருக்கு இடப்பக்கம், இன்னொருவருக்கு வலப்பக்கம் கொடுத்தால் இருவருக்கும் முதல் பக்கம்தானே என்றும் சொன்னார். நல்ல யோசனை. அப்படியே செய்துகாட்டினேன். வலப்பக்கத்து அட்டை யாருக்கு விழுந்தாலும், அது தமிழ்ப் புத்தகத்தில் பின் அட்டைதானே, என்னைப் பின்னால் ஒட்டப் பார்க்கிறாயா என்று கேட்பார்களே, கேட்டார்கள்.

அப்போதுதான் பாய் கடை மேசையில் கிடந்த உணவுப் பட்டியல் அட்டையை யாரோ தலைகீழாக வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பின் அட்டையும் முன் அட்டைதான். இந்தப் பக்கம் இருந்து பாதி மேட்டுத் தோட்டம், மூலவர், மாரிமுத்து. திருப்பிப் பிடித்தால் அந்தப் பக்கம் இருந்து பாதி ஆற்றுத் தோட்டம், உற்சவர், சுப்பையா. நடுவில் இரண்டும் தலைகீழாகச் சந்திக்கும். இரண்டு முன் அட்டை, பின் அட்டையே கிடையாது. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

மகிழ்ச்சியில் ஒரு மடத்தனம் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் கோப்பை அப்படியே இருவருக்கும் அனுப்பினேன். சுப்பையாவுக்கு மகன் வாங்கிக் கொடுத்த டேப்லட். அதில் தன் பாதி தலைகீழாக வந்ததும் டேப்லட்டைத் திருப்பிப் பிடித்திருக்கிறார். டேப்லட் சமர்த்தாகப் படத்தையும் சேர்த்துத் திருப்பிவிட்டது. மறுபடி திருப்பினார், அதுவும் திருப்பியது. கொஞ்ச நேரம் கழித்து எனக்குக் குரல் வந்தது: "எந்தப் பக்கம் திருப்புனாலும் அவன் நேரா நிக்கிறான், நான் தலைகீழா தொங்குறேன். என்னா தங்கச்சி, என்னை வவ்வால்னு நெனச்சியா?"

அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம். திரையில் பார்க்க முடியாததைத் திரையில் காட்டக் கூடாது. வெள்ளைத் தாளை மடித்து, படங்களை ஒட்டி, கையில் பிடிக்கிற மாதிரி ஒரு புத்தகம் செய்து காதர் பாய் கடை மேசையில் இருவருக்கும் நடுவே வைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாரிமுத்து தன் பக்கம் பார்த்தார், நேராக இருந்தது. சுப்பையா சுழற்றித் தன் பக்கம் பார்த்தார், அதுவும் நேராக இருந்தது. எதிராளி எப்போதும் தலைகீழாகத்தான் இருந்தார். அதில் இருவருக்கும் ஒரு திருப்தி. பாய் கடையில் சாப்பிட வந்தவர்கள் எல்லாம் இரண்டு பெரியவர்கள் ஒரு புத்தகத்தைச் சுழற்றிச் சுழற்றிச் சிரிப்பதைப் பார்த்து, ஏதோ சூதாட்டம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

பிரச்சினை நடுப்பக்கத்துக்கு நகர்ந்தது. அங்கே அம்மன் படம் வேண்டும் என்று கமிட்டி முழுவதும் ஒற்றுமையாகக் கேட்டது. அம்மனை யார் பக்கம் நேராக வைப்பது? ஒரு பாதிக்கு நேராக இருந்தால் மறு பாதிக்கு அம்மன் தலைகீழ், அது ஊருக்கே ஆகாது. குறுக்கே வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பெருமாள் படுக்கலாம், மாரியம்மன் படுப்பாளா என்று இன்னொருவர் கத்தினார். எனக்கு மத்தளத்தைப் போல இரண்டு பக்கமும் இடி. கல்யாணத் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சரோஜாவைக் கூப்பிட்டு, கோயில் வாசலில் பெரிதாக ஒரு சிக்குக் கோலம் போடச் சொன்னேன். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றேன். சுப்பையாவின் லோரியையே நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று படம் எடுத்தேன். இரண்டு தலைவர்களும் கோலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, எது தலை எது கால் என்று தேடினார்கள். மாரிமுத்து ஒரு புள்ளியில் சந்தேகப்பட்டுக் குனிந்தார். சரோஜா இடுப்பில் கை வைத்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் அம்மன் படத்துக்குப் பதிலாக அந்தக் கோலத்தை நடுவில் போட ஒப்புக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது. இரண்டு முன் அட்டை என்றால் இரண்டு தலைவர் உரை, இரண்டு வரலாறு, இரண்டு நன்றியுரை. அதனால் குடும்பப் படங்களுக்கு இடம் போதவில்லை. ஒவ்வொரு வீடும் புதுத் துணி உடுத்தி, பிள்ளைகளுக்குத் தலை சீவி முடித்து எடுத்து அனுப்பிய படங்கள் அவை. அவற்றைச் சிறிதாக்க வேண்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது என்று இருவரையும் தனித்தனியாக எச்சரித்தேன். பரவால்லலா, சின்னதாக்கு என்று இருவரும் தனித்தனியாகக் குரல் அனுப்பினார்கள். அந்தக் குரல்கள் என் கைப்பேசியில் பத்திரமாக இருந்தன.

ரவாங்கில் ஒரு அச்சகம். அதன் சீன முதலாளி, தவுக்கே, தங்கமான மனிதர், அதுதான் ஆபத்து. அச்சு ஏறும் அன்று காலையில் கூப்பிட்டு, என் கோப்பில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருந்ததாகவும், பாவம் அவசரத்தில் செய்திருப்பேன் என்று தானே எல்லாவற்றையும் நேராக்கிவிட்டதாகவும், இதற்குக் கூலி வேண்டாம் என்றும் சொன்னார். நான் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் காரில் ஏறினேன். சுப்பையா மறுபடி பின்னால் போயிருப்பார், கல்யாணம் நின்றிருக்கும். வழியெல்லாம் அதுதான் நினைப்பு. நல்லவேளை, அட்டை மட்டும்தான் அச்சாகியிருந்தது, அதை மட்டும் மறுபடி அடித்தால் போதும். தலைகீழாக இருப்பதுதான் சரி என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. உங்கள் வேலையில் விநோதமாக ஒன்று இருந்தால் அச்சகத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்புவது போதாது. நேரில் போய் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். உதவி செய்கிறவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. இருவருமே வந்திருந்தார்கள். அன்னதானப் பந்தலுக்கு முன்னால் மேசை போட்டு மலரை அடுக்கி வைத்திருந்தார்கள். மாரிமுத்து அந்த வழியாகப் போனவர், மேலே இருந்த புத்தகத்தைத் தன் முகம் தெரிகிற மாதிரி திருப்பிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் சுப்பையா அடுக்கைச் சரிசெய்கிற மாதிரி வந்து அதைத் திருப்பிவிட்டுப் போனார். பிறகு போவதும் வருவதும் வீண் என்று இருவருக்கும் பட்டதோ என்னவோ, மேசையின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் என்று நின்றுகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் புத்தகங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள்.

வாங்கியவர்களோ முன் அட்டையைப் பார்க்கவே இல்லை. எந்தப் பக்கம் முன் என்றுகூட யாரும் கேட்கவில்லை. எல்லோரும் நேராக உள்ளே புரட்டித் தங்கள் முகத்தைத் தேடினார்கள். உங்களுக்கு நான் தரக்கூடிய பெரிய பாடம் அதுதான். மலரை வாங்குகிறவன் தன் முகத்தைத் தேடித்தான் அதைத் திறக்கிறான்.

முதலில் திரும்பி வந்தவர் பாகான் நக்கோடா ஓமாரில் மீன் லோரி ஓட்டுகிறவர். மனைவி, பிள்ளைகளோடு விழாவுக்காக வந்திருந்தார். புத்தகத்தைத் தலைவர்கள் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். "என் மூஞ்சி புளியங்கொட்டை அளவுல இருக்கு. எது நான், எது என் பொண்டாட்டின்னு எனக்கே தெரியல. யாரு இப்படிப் போட்டது?" அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. மேட்டுத் தோட்டம், ஆற்றுத் தோட்டம் என்று பேதம் இல்லாமல் எல்லோர் கையிலும் ஒரு புளியங்கொட்டை.

மாரிமுத்து சுப்பையாவைப் பார்த்தார். சுப்பையா மாரிமுத்துவைப் பார்த்தார்.

"நாங்க பெருசாத்தான் போடச் சொன்னோம்," என்றார் மாரிமுத்து. "இல்ல மச்சான்?"

"ஆமாமா. அந்தம்மாதான் சின்னதாக்கிருச்சு," என்றார் சுப்பையா.

நான் பந்தலில் வாழையிலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. கைப்பேசி மடியிலேயே இருந்தது. இரண்டு குரலையும் ஒலிபெருக்கியில் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எதிரே சாம்பார் வாளியோடு சரோஜா நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் அண்ணனும் கணவனும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் என்ற சொல்லை அவள் அண்ணன் வாயில் இருந்து எப்போது கேட்டிருப்பாளோ.

ஆமாங்க, என் தப்புதான் என்றேன். பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தினால் இன்னொருவர் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். அவ்வளவு ஒற்றுமையை அந்தக் கோயில் அதுவரை கண்டதில்லை. சாட்சியை எப்போதும் பத்திரமாக வைத்திருங்கள், பிள்ளைகளே. எப்போது அதை வெளியே எடுக்கக் கூடாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். அந்த வட்டாரத்தில் ரொம்ப நாள் எனக்குப் புளியங்கொட்டை அக்கா என்றுதான் பெயர். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

சில நாளில் கவிதாவின் கல்யாணக் கார்டும் என்னிடமே வந்தது, வேறு ஆள் இல்லாததால். ஆனால் என்னை நம்ப முடியாது அல்லவா? அதனால் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க மாரிமுத்துவும் சுப்பையாவும் சேர்ந்தே மாடி ஏறி வந்தார்கள். நாற்காலி போட்டு, திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்துகொண்டார்கள். சரோஜா பின்னால் நின்றாள். கணபதி துணை, மணமகள் பெயர், மணமகன் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் போட்டு முடித்தேன். தாய்மாமன் என்று அடித்துவிட்டு, எழுத்தின் அளவை இருவரும் எப்போது கேட்கப்போகிறார்களோ என்று கையை நிறுத்திக் காத்திருந்தேன்.

"என் பேரு வேணாம் தங்கச்சி," என்றார் மாரிமுத்து.

போச்சு, மறுபடி ஆரம்பம் என்று நினைத்தேன். சரோஜா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கார்டை வீடு வீடா நான்தான் கொண்டு போய்க் கொடுக்கப் போறேன். கையில கொடுக்கிற ஆளு எதிர்ல நிக்கிறப்ப, பேரு எதுக்கு உள்ளுக்கு?"

சரோஜா நாற்காலியை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "முதல் கார்டு தாய்மாமன் வீட்டுக்குத்தான் அண்ணே போகணும். உன் வீட்டுக்கு நீயே கொடுத்துக்குவியா?"

சுப்பையா திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். மாரிமுத்து வீட்டு வாசலை அவர் மிதிப்பதில்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எப்போதும் கத்திப் பேசுகிறவர், முதல் முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அத நான் கொண்டு போறேன். தட்டு, பழம், வெத்தல எல்லாம் வச்சி."

நான் மாரிமுத்துவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெள்ளிக்கிழமை வா மச்சான்," என்றார் அவர். "மத்த நாள்ல நான் வீட்டுல இருக்க மாட்டேன்."

நான் தாய்மாமன் என்ற அந்த வரியை அழித்தேன்.